பி.கே. பானர்ஜி: பெரிய கிளப்பில் ஆடாதவர் பெரிய கோச் ஆன கதை

ரயிலடி ரசிகன் (சூரமங்கலம்)
மார்ச் 20, காலை 7.10

இன்று கால்பந்துக் கோச் பி.கே. பானர்ஜியின் நினைவு நாள். 2020-இல் இதே நாளில் கொல்கத்தாவில் காலமானார், 83 வயது. அந்த வாரம் ஊரே கொரோனா பயத்தில் இருந்தது. நம்மில் பலர் அந்தச் செய்தியைக் கவனிக்கவே இல்லை. எனக்கு அது இன்னும் உறுத்தலாகத்தான் இருக்கிறது.

இந்த இழையை ஆரம்பிக்க இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் பக்கத்துப் பையன்களுக்குக் காலையில் பிராக்டிஸ் கொடுத்துக்கொண்டிருந்த அண்ணன் மாற்றலாகிப் போய்விட்டார். அடுத்த கோச் யார் என்று போன ஞாயிறு கிரவுண்டு ஓரத்தில் உட்கார்ந்து பேசினோம். கைவசம் இரண்டு பேர். ஒருவர் சென்னை லீக்கில் நல்ல டீம்களுக்கு ஆடியவர். இன்னொருவர் ரயில்வே டிபார்ட்மெண்ட் டீமைத் தாண்டாதவர். ஆனால் பையன்களுக்கு அவரைத்தான் பிடிக்கும். "பெரிய கிளப்பில் ஆடாதவன் என்னத்தைச் சொல்லிக் கொடுத்துவிடப் போகிறான்" என்று ஒரு பெரிய மனிதர் கேட்டுவிட்டார். எல்லோரும் அமைதியாகிவிட்டோம்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பதில் தோன்றியது. பி.கே.

1936-இல் ஜல்பைகுரி பக்கம் பிறந்து ஜாம்ஷெட்பூரில் வளர்ந்த பையன். கல்கத்தா வந்து முதலில் ஆரியன் கிளப், அப்புறம் ஈஸ்டர்ன் ரயில்வே. அவ்வளவுதான். ஈஸ்ட் பெங்கால் ஜெர்சியையோ மோகன் பகான் ஜெர்சியையோ ஆட்டக்காரராக ஒரு சீசன்கூட அவர் போடவில்லை. கல்கத்தாவில் அந்த இரண்டில் ஒன்றுக்கு ஆடாதவனை அந்தக் காலத்தில் முழு ஆட்டக்காரன் என்றே எண்ண மாட்டார்கள். அவரோ ரயில்வே வேலையை விடாமல் ரயில்வே டீமுக்கே கடைசிவரை ஆடினார். 1958-இல் அந்த ரயில்வே டீம் கல்கத்தா லீக்கை ஜெயித்தது. சுதந்திரத்துக்குப் பிறகு ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான், முகமதன் ஸ்போர்ட்டிங் மூன்றையும் தாண்டி ஒரு டீம் லீக்கை எடுத்தது அதுதான் முதல் தடவை. அடுத்து அப்படி நடக்க 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1967-இல் ஆட்டத்தை விட்டார். 1972-இல் ஈஸ்ட் பெங்கால் கோச். 1976-இல் மோகன் பகான் கோச். ஆட்டக்காரராக மிதிக்காத இரண்டு வாசலிலும் கோச்சாக நுழைந்தார், இரண்டு இடத்திலும் கோப்பைகளை அள்ளினார்.

நானும் ரயில்வேக்காரன். 2007-இல் சேலம் கோட்டம் தனியாகப் பிரிந்தபோது இங்கே வந்தவன். அதனால் பி.கே. மேல் எனக்குக் கொஞ்சம் சொந்தம் அதிகம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? பெரிய கிளப்பில் ஆடியிருந்தால்தான் கோச்சா?

கோலி நம்பர் ஒன் (ஐந்து ரோடு)
மார்ச் 20, காலை 9.25

அண்ணா, பி.கே. மேல் மரியாதை உண்டு. ஆனால் நீங்கள் எடுத்த உதாரணம் உங்கள் கேள்விக்குப் பொருந்தவில்லை.

அவர் சின்னக் கிளப்பில் ஆடியவர், சரி. சின்ன ஆட்டக்காரரா? 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்ஸில் நாலாவது இடம் பிடித்த டீமில் இருந்தார். 1960 ரோம் ஒலிம்பிக்ஸில் இந்தியாவின் கேப்டன், பிரான்ஸோடு 1-1 டிரா ஆன மேட்சில் கோல் போட்டது அவர்தான். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு இறுதியில் தென்கொரியாவுக்கு எதிராக முதல் கோல் அவருடையது. கால்பந்துக்கு வந்த முதல் அர்ஜுனா விருதே அவருக்குத்தான், 1961-இல். இவரை "டிபார்ட்மெண்ட் டீமைத் தாண்டாதவர்" கூட வைத்துப் பேசலாமா?

உங்கள் பக்கம் வாதாட நல்ல உதாரணம் அரிகோ சாக்கி. தொழில்முறை ஆட்டமே ஆடாதவர். ஏசி மிலானை 1989, 1990 இரண்டு வருடமும் ஐரோப்பியக் கோப்பை ஜெயிக்க வைத்தார். எதிர்ப்பக்கம் மரடோனா. அவரைவிடப் பெரிய ஆட்டக்காரர் யார்? 2010 உலகக்கோப்பை காலிறுதியில் அவருடைய அர்ஜென்டினா ஜெர்மனியிடம் 0-4.

இரண்டுக்கும் நடுவில் பிரையன் கிளஃப். இங்கிலாந்து லீக்கில் 274 மேட்சில் 251 கோல். 1962 டிசம்பர் 26 அன்று முழங்கால் போனது, 27 வயதில் கிட்டத்தட்ட எல்லாம் முடிந்தது. 30 வயதில் ஹார்ட்டில்பூல்ஸ் என்ற கடைசி டிவிஷன் டீமுக்கு மேனேஜர். பிறகு டெர்பி, நாட்டிங்காம் ஃபாரஸ்ட் என்று இரண்டு சாதாரண டீம்களை லீக் சாம்பியன் ஆக்கினார். ஃபாரஸ்டுக்கு 1979, 1980 இரண்டு ஐரோப்பியக் கோப்பை. ஆனால் நடுவில் பெரிய டீமான லீட்ஸுக்குப் போனார், 44 நாளில் அனுப்பிவிட்டார்கள்.

ஆடியதற்கும் கோச் ஆவதற்கும் நேர்க்கோடு கிடையாது. அதனால் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்த இரண்டு பேரில் யாருக்குப் பிராக்டிஸ் நடத்தத் தெரியும்?

அஸ்தம்பட்டி தாத்தா
மார்ச் 20, மாலை 6.50

தம்பிகளே, நான் 1973 முதல் 1980 வரை கல்கத்தாவில் வேலை பார்த்தவன். லேக் மார்க்கெட் பக்கத்தில் நம்மூர்க்காரர்கள் சேர்ந்து தங்கியிருந்தோம். அதனால் இதைப் படித்ததில் எழுதவில்லை, பார்த்ததில் எழுதுகிறேன்.

அந்த ஊரில் கால்பந்து என்பது வீட்டுச் சமையல்வரை போகும். ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் இலிஷ் மீன், மோகன் பகான் ஜெயித்தால் இறால். மீன் கடையில் விலையைப் பார்த்தே நேற்று யார் ஜெயித்தார்கள் என்று சொல்லிவிடலாம். நான் சைவம், எனக்கே தெரியும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

1975 செப்டம்பர் 30. ஐ.எஃப்.ஏ. ஷீல்டு என்ற கல்கத்தா கோப்பையின் இறுதி. ஈஸ்ட் பெங்கால் 5, மோகன் பகான் 0. நான் ரேடியோவில் கேட்டேன். பெங்காலி வர்ணனை, பாதி புரியும் பாதி புரியாது. ஷியாம் தாபா என்ற பெயர் மட்டும் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது. எங்கள் மாடியில் மோகன் பகான் குடும்பம் ஒன்று குடியிருந்தது. அன்று ராத்திரி அவர்கள் வீட்டில் விளக்கே எரியவில்லை. அந்த 5-0 ஈஸ்ட் பெங்காலின் கோச் பி.கே.

அடுத்த வருடம் அதே பி.கே. மோகன் பகானுக்குப் போனார்! இன்றைக்கு ஐ.பி.எல்.லில் டீம் மாறுவது போல் எண்ணிவிடாதீர்கள். சொந்தப் பங்காளிகளுக்குள் வழக்கு நடக்கும்போது ஒரு பக்கத்து வக்கீல் மறுபக்கம் போய் உட்கார்ந்தது போல் இருந்தது. 1977 தொடக்கம் அவருக்கு மோசம். இந்தியக் கிளப்புகளுக்கான முதல் ஃபெடரேஷன் கோப்பை இறுதியில் பெங்களூர் ஐ.டி.ஐ. டீமிடம் தோல்வி. லீக்கிலும் ஈஸ்ட் பெங்காலிடம் தோல்வி. ஊரே திட்டியது.

அந்த நேரத்தில்தான் பெலே வந்தார். 1977 செப்டம்பர் 24, ஈடன் கார்டன்ஸ், மோகன் பகானுக்கு எதிராக அவருடைய நியூயார்க் காஸ்மாஸ் டீம். நான் நேரில் பார்த்தேன். மழை பெய்து கிரவுண்டு சொதசொதவென்று கிடந்தது. நாங்கள் எல்லோரும் போனது பெலேயைப் பார்க்க. மோகன் பகானைப் பற்றி யாருக்கும் பெரிய எதிர்பார்ப்பு கிடையாது. ஆனால் முதல் கோல் வாங்கிய உடனே ஷியாம் தாபா திருப்பிக் கொடுத்தார், அப்புறம் ஹபீப் ஒன்று போட்டு 2-1. கௌதம் சர்க்கார் பெலேயை விட்டு நகரவே இல்லை. கோலி ஷிபாஜி பானர்ஜி சேற்றில் விழுந்து விழுந்து எழுந்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. கடைசியில் ஒரு பெனால்டியில் காஸ்மாஸ் சமன் செய்தது, 2-2. அந்தப் பெனால்டி சரியா தவறா என்று அங்கே இன்னமும் பேசுவார்கள்.

சில நாள் கழித்து அதே டீம் ஷீல்டு இறுதியில் ஈஸ்ட் பெங்காலை ஜெயித்தது. அந்த சீசனில் ஷீல்டு, டூராண்டு, ரோவர்ஸ் என்று மூன்று கோப்பையும் மோகன் பகானுக்கு. ஆள் மாறவில்லை. அவர்களுடைய நம்பிக்கை மாறியது. அதைச் செய்தது பி.கே.யின் பேச்சு. பத்திரிகைக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் "வோக்கல் டானிக்".

ஏற்காட்டுக் காற்று
மார்ச் 20, இரவு 10.15

ஐயா, மேட்சை நேரில் பார்த்த மாதிரி இருந்தது. நன்றி.

நான் மலை மேல் பள்ளிப் பையன்களுக்குக் கோச்சிங் கொடுக்கிறேன். எங்கள் கிரவுண்டில் சாயங்காலம் நாலரைக்கு மேல் பனி இறங்கிவிட்டால் இந்தக் கோல் போஸ்ட்டிலிருந்து அந்தக் கோல் போஸ்ட் தெரியாது. பந்து சத்தத்தை வைத்துத்தான் ஆட வேண்டும். அங்கே ஆடிப் பழகிய பையன்கள் சேலத்துக்கு இறங்கி மதிய வெயிலில் ஆடினால் பத்து நிமிஷத்தில் நாக்கு தள்ளிவிடும். அதனால் நான் ஸ்டாமினா, ஸ்டாமினா என்றே வருஷம் முழுக்கக் கத்திக்கொண்டிருப்பேன். அந்த டானிக் விஷயம் எனக்குப் புதிது. பேச்சு என்றால் மேட்சுக்கு முன்னால் எல்லோரையும் வட்டமாக நிற்க வைத்துப் பேசுவதா?

கோலி நம்பர் ஒன் (ஐந்து ரோடு)
மார்ச் 20, இரவு 11.05

தாத்தா, வணங்குகிறேன். பெலேயைப் பார்த்தவர் நம் குழுவில் இருப்பதே பெருமை.

ஆனாலும் ஒரு சந்தேகத்தைச் சொல்லிவிடுகிறேன். 1972 முதல் 75 வரை ஈஸ்ட் பெங்காலில் இருந்த ஆட்களைப் பாருங்கள். சுதிர் கர்மாகர், கௌதம் சர்க்கார், சுரஜித் சென்குப்தா, ஷியாம் தாபா, கொஞ்ச காலம் ஹபீபும் அக்பரும். இந்த ஆட்களை வைத்துக்கொண்டு யார் கோச்சாக இருந்தாலும் ஜெயித்திருக்கலாமே? அவர் வருவதற்கு முன்பே, 1970-லும் 71-லும், லீக்கை அவர்கள்தான் எடுத்திருந்தார்கள்.

இந்தியா டீமோடு அவர் கணக்கையும் பார்க்க வேண்டும். 1970 பாங்காக் ஆசிய விளையாட்டில் வெண்கலம், அதில் ஜி.எம்.எச். பாஷாவும் கூட்டுக் கோச். 1982 ஆசிய விளையாட்டில் சொந்த மண்ணில், டில்லியில், காலிறுதியில் சவுதி அரேபியாவிடம் 0-1. டானிக் அன்றைக்கு எங்கே போயிற்று? வெளிநாட்டு டீம்கள் சிஸ்டத்தோடு வந்தன, நாம் உணர்ச்சியோடு போனோம் என்பது என் கருத்து.

செவ்வாய்ப்பேட்டை செல்வி
மார்ச் 21, காலை 6.20

தம்பி கோலி, "உணர்ச்சி" என்று சொல்லி அதைக் கீழே தள்ளிவிடாதே. நான் பெண் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பவள், இதைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

ஏற்காட்டு சார் கேட்டதற்குப் பதில். வட்டமாக நிற்க வைத்துப் பேசுவது ஒரு பகுதி. அதைவிட முக்கியமானது தனித்தனியாகப் பேசுவது. பி.கே.யிடம் ஆடியவர்கள் பிறகு பேசியதைப் படித்துப் பாருங்கள், ஒவ்வொருவரும் "என்னிடம் அவர் சொன்னது" என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஒருவருக்குக் கோபம் ஏற்ற வேண்டும், ஒருவருக்குக் கோபத்தை இறக்க வேண்டும், ஒருவரைச் சும்மா விட வேண்டும். அது தெரிய வேண்டுமானால் ஆளைத் தெரிய வேண்டும். வீட்டில் யார் யார், அப்பா வேலைக்குப் போகிறாரா, ராத்திரி சாப்பிட்டாளா, எல்லாம்.

எங்கள் டீமில் ஒரு பெண். ரைட் விங். பந்தை வாங்கினால் அழகாக ஓடுவாள், கிராஸ் போட வேண்டிய இடத்தில் காலை உள்ளே இழுத்துக்கொள்வாள். மூன்று மாதம் அதே கிராஸை ஆயிரம் தடவை போட வைத்தேன். பிராக்டிஸில் சரியாக வரும், மேட்சில் வராது. ஒரு நாள் பஸ் ஸ்டாப்பில் காத்திருக்கும்போது தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்துப் பேச்சுக் கொடுத்தேன். லைனுக்குப் பக்கத்தில் நிற்கும் ஆண்கள் எதாவது சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில்தான் லைனை விட்டு உள்ளே வருகிறாள். என்னால் அதை முதல் வாரமே கேட்டிருக்க முடியும். நான் அவள் காலை மட்டும் பார்த்தேன். அடுத்த மேட்சுக்கு எங்கள் மற்ற பிள்ளைகள் எல்லோரையும் அந்த லைன் பக்கம் உட்கார வைத்தேன். கிராஸ் வந்தது.

பி.கே.யும் ரைட் அவுட்டில் ஆடியவர்தான். லைன் ஓரமே அவர் இடம். அங்கே நிற்பவனுக்குப் பந்து வராத நேரம் அதிகம். அந்த நேரமெல்லாம் மற்ற பத்துப் பேரும் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பான். விங்கில் ஆடியவர்கள் ஆளைப் படிப்பதில் கெட்டிக்காரர்கள் என்பது என் அனுபவம்.

இன்னொன்று. 2018-இல் நம் தமிழ்நாட்டுப் பெண்கள் மணிப்பூரை இறுதியில் 2-1 என்று ஜெயித்துத் தேசியச் சாம்பியன் ஆனார்களே. மணிப்பூரை ஜெயிக்கவே முடியாது என்று எல்லோரும் எழுதி வைத்திருந்த காலம் அது. கால் வேகம் ஒரே நாளில் கூடிவிடாது. முடியும் என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும்.

ரயிலடி ரசிகன் (சூரமங்கலம்)
மார்ச் 21, காலை 8.40

செல்வி அக்கா, அந்த லைன் விஷயம் மனதைத் தொட்டது.

பி.கே. இதை எங்கே கற்றார் என்று எனக்குப் பட்டதை எழுதுகிறேன். 1962 டீமின் கோச் ஹைதராபாத் ரஹீம் சாப். அவர் அடிப்படையில் பள்ளி ஆசிரியர். ஜகார்த்தாவுக்குப் போகும்போதே அவருக்குப் புற்றுநோய், அடுத்த வருடம் ஜூனில் இறந்துவிட்டார். அங்கே கூட்டமோ நமக்கு எதிரி. இஸ்ரேலையும் தைவானையும் சேர்க்காததை இந்திய அதிகாரி ஒருவர் கண்டித்துவிட்டதால் இந்தியா என்றாலே ஊளையிட்டார்கள். ஜர்னைல் சிங்குக்குத் தலையில் தையல். டிஃபண்டரான அவரை ரஹீம் சென்டர் ஃபார்வர்டில் நிறுத்தினார், அரையிறுதியிலும் இறுதியிலும் கோல் போட்டார். காய்ச்சலில் கிடந்த தங்கராஜ் இறுதிக்குக் கோலியாகத் திரும்பினார். இவர் நம் நீலகிரி வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டருக்காக ஆடியவர்.

இந்த எல்லாவற்றையும் 26 வயது பி.கே. பக்கத்திலிருந்து பார்த்தார். உடம்புக்கு முடியாத ஒரு வாத்தியார், அடிபட்ட ஆட்களை வைத்துக்கொண்டு, ஒவ்வொருவரிடமும் பேசிப் பேசித் தங்கம் வாங்கினார். பத்து வருடம் கழித்து பி.கே. ஈஸ்ட் பெங்கால் கோச் ஆனபோது கையில் எடுத்தது அதைத்தான்.

அந்தத் தலைமுறையில் நம் ஆளும் ஒருவர் உண்டு. சைமன் சுந்தரராஜ், 1960 ரோம் டீமில் பி.கே. தலைமையில் இருந்தவர். 1973-இல் கேரளா முதன்முதலாகத் தேசியப் போட்டியான சந்தோஷ் கோப்பையை ஜெயித்ததே, அந்த டீமின் கோச் இவர்தான். இறுதியில் தோற்றது யார் தெரியுமா? எங்கள் ரயில்வேஸ், 3-2. அதை நான் மன்னித்துவிட்டேன்.

கோலி நம்பர் ஒன் (ஐந்து ரோடு)
மார்ச் 21, மதியம் 1.30

சைமன் சுந்தரராஜ் தகவல் எனக்குத் தெரியாது, நன்றி அண்ணா.

சரி, சிஸ்டமா பேச்சா என்ற சண்டை ஒரே மேட்சில் நடந்தது உண்டு. அதை நானே சொல்கிறேன், எனக்கு எதிராகவே இருந்தாலும். 1997 ஜூலை 13, ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி, கல்கத்தா சால்ட் லேக் ஸ்டேடியம். மோகன் பகானுக்கு அமல் தத்தா, ஈஸ்ட் பெங்காலுக்கு பி.கே.

அமல் தத்தாவை யாரும் லேசாக நினைக்கக் கூடாது. இங்கிலாந்து போய்க் கோச்சிங் படித்து வந்து, அதையே முழுநேரத் தொழிலாக எடுத்துக்கொண்டவர். கிராமம் கிராமமாகப் ப்ரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு போய்க் கால்பந்துப் படம் காட்டியவர். எனக்கு உண்மையில் அவர்தான் பிடிக்கும். அந்த வருடம் அவர் கொண்டுவந்த "டைமண்ட்" அமைப்பில் மோகன் பகான் எல்லோரையும் அடித்துக்கொண்டிருந்தது. மேட்சுக்கு முன்னால் அவர் எதிர் டீம் ஆட்களைப் பெயர் வைத்துக் கேலி செய்தார். பாய்ச்சுங்கை "சுங் சுங்" என்றார், ஒமோலோவை "ஆம்லெட்" என்றார். பி.கே. பதில் பேசவில்லை. அந்தக் கேலியை அப்படியே எடுத்துக்கொண்டு போய்த் தன் ஆட்களிடம் கொடுத்தார்.

1,31,000 பேருக்கு மேல் பார்த்த மேட்ச். ஈஸ்ட் பெங்கால் 4-1. பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல்.

ஆனால் ஒன்றையும் மறக்காதீர்கள். அந்தக் கோப்பையை ஈஸ்ட் பெங்கால் ஜெயிக்கவில்லை. இறுதியில் கோவா சல்காவ்கரிடம் 1-2 தோல்வி. பேச்சில் ஏறிய சூடு ஒரு மேட்ச் நிற்கும், இரண்டு மேட்ச் நிற்கும். சீசன் முழுக்க நிற்க வேண்டுமானால் அமைப்பு வேண்டும். இதில் நான் இறங்கிவர மாட்டேன்.

அஸ்தம்பட்டி தாத்தா
மார்ச் 21, மாலை 5.40

கோலித் தம்பி, நியாயமான பேச்சு. 1982-உம் இறுதித் தோல்வியும் உண்மை. அவரைத் தெய்வமாக்க நான் வரவில்லை.

ஆனால் பேச்சின் சூடு ஒரு மேட்ச்தான் நிற்கும் என்பதற்கு ஓர் ஆளைக் காட்டுகிறேன். சுபாஷ் பௌமிக். முரட்டு ஃபார்வர்டு, கனத்த உடம்பு. மோகன் பகான் "இவன் அவ்வளவுதான்" என்று கழற்றிவிட்டது. 1973-இல் பி.கே. அவரை ஈஸ்ட் பெங்காலுக்குக் கூட்டிவந்தார். நான் அந்த வருடம்தான் ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். ஆபீஸில் எல்லோரும் "இந்தத் தடியனை எதற்கு எடுத்தார்" என்றுதான் பேசிக்கொண்டார்கள். மைதான் பக்கம் காலையில் நடக்கப் போனால் பிராக்டிஸ் பார்க்கலாம். எல்லோரும் முடித்துப் போன பிறகும் ஒருவர் மட்டும் ஓடிக்கொண்டிருப்பார், இன்னொருவர் லைன் ஓரம் கூடவே நடந்துகொண்டு பேசிக்கொண்டே இருப்பார். தூரத்திலிருந்து என்ன பேச்சென்று கேட்காது. கை அசைவு மட்டும் தெரியும். ஓடுபவர் பௌமிக், நடப்பவர் பி.கே. அந்த சீசனிலேயே அவர் வேறு ஆளாக நின்றார்.

இப்போது கதையின் மிச்சத்தைக் கேள். அந்த பௌமிக் பிற்காலத்தில் கோச் ஆனார். 2003-இல் ஜகார்த்தாவில் ஆசியான் கிளப் கோப்பை, இறுதியில் தாய்லாந்தின் பெக் தெரோ சசானாவை 3-1 என்று ஜெயித்தது ஈஸ்ட் பெங்கால். கோச் சுபாஷ் பௌமிக். 1962-இல் பி.கே. கோல் போட்ட அதே ஊர். 1973-இல் லைன் ஓரம் பேசிய பேச்சு முப்பது வருடம் நின்றிருக்கிறது, தம்பி.

கோலி நம்பர் ஒன் (ஐந்து ரோடு)
மார்ச் 21, இரவு 7.15

தாத்தா, இதற்கு என்னிடம் பதில் இல்லை. அமைப்பு வேண்டும் என்பதில் நிற்கிறேன். ஆனால் "கழற்றிவிட்டவனை எடுப்பது" எந்த அமைப்பிலும் எழுதப்படாத வேலை, ஒப்புக்கொள்கிறேன்.

ஏற்காட்டுக் காற்று
மார்ச் 22, இரவு 9.50

நேற்று தாத்தா எழுதியதைப் படித்துவிட்டுச் சரியாகத் தூங்கவில்லை. காரணம் இருக்கிறது.

போன டிசம்பரில் நான் ஒரு பையனை டீமிலிருந்து எடுத்துவிட்டேன். இடது கால்காரன், பத்தாவது படிக்கிறான். பிராக்டிஸுக்கு வாரத்தில் இரண்டு நாள்தான் வருவான், அதுவும் தாமதமாக. வந்தால் கால் இழுத்து இழுத்து ஓடுவான். "ஒழுக்கம் இல்லாதவனுக்கு என் டீமில் இடமில்லை" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அவன் ஒன்றும் பேசாமல் பையைத் தூக்கிக்கொண்டு போனான். அதற்கப்புறம் கிரவுண்டு பக்கம் வரவில்லை.

இன்று ஞாயிறு. காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு அவன் வீட்டைத் தேடிப் போனேன். எஸ்டேட் லைன் வீடு. அவன் வீட்டில் இல்லை. மேலே மரத்தில் இருந்தான். இப்போது மிளகு பறிப்பு நேரம். சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாய்த்து, இடுப்பில் சாக்குப் பை கட்டிக்கொண்டு, உச்சியில் நின்று மிளகுக் கொத்தைக் கிள்ளிக்கொண்டிருந்தான். கீழே அவன் அம்மா ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். டிசம்பரில் காப்பிப் பழம், இப்போது மிளகு. லீவு நாளும் சாயங்காலமும் அவனுக்கு இதுதான் வேலை. நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

என்னைப் பார்த்ததும் இறங்கி வந்தான். கையெல்லாம் பச்சை. என்ன பேசுவதென்று தெரியவில்லை. பி.கே. மாதிரி எனக்கு வார்த்தை வராது. "உன்னை எடுத்தது என் தப்பு, வாடா" என்று மட்டும் சொன்னேன். அவன் அம்மாவைப் பார்த்தான். அந்த அம்மா, "செவ்வாய், வியாழன் நான் பார்த்துக்கறேங்க, அனுப்பி வைக்கிறேன்" என்றார். மற்ற நாள் வேலை முடித்துவிட்டு ஐந்து மணிக்கு வரட்டும் என்று சொல்லிவிட்டேன். பனியில் ஆடுவது அவனுக்கு ஒன்றும் புதிதில்லை.

கால் இழுத்து ஓடியதற்கும் காரணம் கிடைத்தது. திண்ணையில் அவன் பூட்ஸ் காய்ந்துகொண்டிருந்தது. அண்ணனுடைய பழைய பூட்ஸ், 6-ஆம் நம்பர். அவன் காலுக்கு 7 வேண்டும். முன் பக்கத்தைக் கத்தியால் கிழித்துவிட்டு, கட்டை விரல் வெளியே தெரிய, அதில்தான் இத்தனை நாளும் ஓடியிருக்கிறான்.

செவ்வாய்க்கிழமை வருகிறான். சேலத்தில் யாரிடமாவது 7-ஆம் நம்பர் பூட்ஸ் இருந்தால் சொல்லுங்கள். ஸ்டட்ஸ் தேய்ந்திருந்தாலும் பரவாயில்லை.

செவ்வாய்ப்பேட்டை செல்வி
மார்ச் 22, இரவு 10.05

சார், நீங்கள் போனதே பெரிய விஷயம். ஒன்று மட்டும் சொல்கிறேன். எடுத்தபோது எல்லோர் முன்னாலும் சொன்னீர்கள். திரும்ப வரும்போதும் எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள்.

ரயிலடி ரசிகன் (சூரமங்கலம்)
மார்ச் 22, இரவு 10.20

எங்கள் பக்கத்துச் சேதி: இன்று காலை மறுபடி கூடினோம். கோலித் தம்பி சொன்னபடி இரண்டு பேரையும் ஆளுக்கு ஒரு வாரம் பிராக்டிஸ் நடத்தச் சொல்லியிருக்கிறோம். அந்தப் பெரிய மனிதரும் வந்து உட்கார்ந்து பார்க்கச் சம்மதித்தார்.

பூட்ஸுக்குப் பையன்களிடம் கேட்கிறேன். நாளைக்குச் சொல்கிறேன் சார்.

கோலி நம்பர் ஒன் (ஐந்து ரோடு)
மார்ச் 22, இரவு 10.30

என்னிடம் 7 இருக்கிறது சார். இரண்டு மேட்ச்தான் போட்டது, எனக்கு இறுக்கிப் பிடிக்கிறது என்று எடுத்து வைத்துவிட்டேன். நாளைக் காலை ஏற்காடு பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பவா, இல்லை செவ்வாய்க்கிழமை நானே கொண்டுவரவா? அவன் இடது காலில் அடிப்பதை ஒரு கோலியாக நின்று பார்க்க வேண்டும் போல் இருக்கிறது.

ஏற்காட்டுக் காற்று
மார்ச் 22, இரவு 10.34

நீங்களே வாருங்கள் தம்பி. நாலு மணிக்குள் மேலே வந்துவிடுங்கள், அப்புறம் பனி இறங்கிவிடும். ஸ்வெட்டர் கொண்டுவாருங்கள்.